பூமியைச் சுழற்றுவது சூரியன் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு மாணவர் பகுதியில், "பூமி ஏன் தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது?" என்று ஒரு மாணவி கேட்டிருந்தாள். "சூரியனின் ஈர்ப்பு விசை பூமியை இழுத்துச் சுழற்றுகிறது" என்று ஒரே வரியில் பதில் அச்சாகியிருந்தது. கேள்வி அருமையானது. பதில் தவறானது. அந்தப் பக்கத்தைக் கத்தரித்து நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைக்கும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். என் பேத்தியும் அவர்களில் ஒருத்தி. ஒட்டிய பசை காய்வதற்குள் சரியான பதிலும் அவர்களிடம் போய்ச் சேர வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன். கடிதம் நீளமானது. முடிந்தவரை குறைக்காமல் வெளியிடுங்கள்.

நான் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில், லெபோ பாசார் பக்கம், ஐந்தடி நடைபாதையை ஒட்டிய சிறிய கடையில் கடிகாரம் பழுது பார்ப்பவன். இப்போது பெரும்பாலும் பேட்டரி மாற்றும் வேலைதான் வருகிறது. ஆனாலும் பழைய பெண்டுலக் கடிகாரங்களை வீட்டில் விடாமல் வைத்திருக்கும் சில குடும்பங்கள் இந்தத் தீவில் இன்னும் இருக்கின்றன. அவர்கள் என்னிடம்தான் வருகிறார்கள். பூமியின் சுழற்சியைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தக் கடிகாரங்கள் கற்றுக்கொடுத்தது. மீதி, கடையில் ஆள் நடமாட்டம் இல்லாத பிற்பகல்களில் படித்தது.

சூரியன்தான் சுழற்றுகிறது என்றால், சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கும் கோள் வேகமாகவும் தள்ளி இருக்கும் கோள் மெதுவாகவும் சுழல வேண்டும் அல்லவா? பூமியைவிடச் சூரியனுக்கு நெருக்கமான வெள்ளி, தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ள 243 நாள்கள் எடுத்துக்கொள்கிறது. அதுவும் எதிர்த் திசையில். பூமியைப்போல ஐந்து மடங்கு தொலைவில் இருக்கும் வியாழனோ, அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றை முடித்துவிடுகிறது. சூரியனின் ஈர்ப்பு பூமியைத் தன்னைச் சுற்றி வரச் செய்கிறது. அது ஆண்டுக் கணக்கு. நாள் கணக்கு வேறு.

உண்மையான காரணம், பூமி பிறந்த விதத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, வாயுவும் தூசியும் கலந்த ஒரு மாபெரும் முகில் தன் ஈர்ப்பாலேயே சுருங்கத் தொடங்கியது. அந்த முகிலுக்கு மிக இலேசான ஒரு சுழற்சி ஏற்கெனவே இருந்தது. பரந்து கிடக்கும் ஒன்று சுழன்றபடியே சுருங்கினால் அதன் வேகம் கூடும். இதைக் கோண உந்தம் மாறாமல் இருத்தல் என்று இயற்பியல் புத்தகங்கள் சொல்கின்றன. சுருங்கிய முகிலின் நடுவில் சூரியன் உண்டானது. சுற்றியிருந்த தட்டில் பாறையும் தூசியும் ஒன்றோடொன்று மோதி, ஒட்டி, கோள்களாகத் திரண்டன. ஒவ்வொரு மோதலும் பூமிக்குக் கொஞ்சம் சுழற்சியைக் கொடுத்தது, அல்லது கொஞ்சம் எடுத்தது. கடைசியாக, செவ்வாய் அளவுள்ள ஒரு கோள் இளம் பூமியின்மீது மோதியது என்றும், சிதறிய பாறைகள் திரண்டு சந்திரன் ஆனது என்றும் பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். அந்த மோதலுக்குப் பிறகு பூமியின் ஒரு நாள், இன்றைய நாளில் மூன்றில் ஒரு பங்குகூட இருந்திருக்காது என்று கணக்கிடுகிறார்கள்.

அப்படியானால் இன்றைக்கும் அதைச் சுழற்றிக்கொண்டிருப்பது எது? எதுவும் இல்லை. இதைத்தான் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். கடிகாரத்துக்கு நாம் ஏன் சாவி கொடுக்கிறோம்? பல்சக்கரங்கள் உரசுகின்றன, எண்ணெய் பிசுக்காகிறது, பெண்டுலத்தைக் காற்று தடுக்கிறது. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் ஸ்பிரிங் வேண்டியிருக்கிறது. பூமி எந்த அச்சிலும் மாட்டப்படவில்லை. அதைச் சுற்றி வெற்றிடம். உரசுவதற்கு அங்கே ஏதும் இல்லாததால், பிறக்கும்போது கிடைத்த சுழற்சியை அது இன்னும் வைத்திருக்கிறது. சுழல்வதற்கு விசை தேவையில்லை, சுழல்வதை நிறுத்தத்தான் விசை தேவை.

இனி, அந்தச் சுழற்சி என்ன செய்கிறது என்பதற்கு வருகிறேன். பாடப்புத்தகங்கள் இதற்குப் பெரும்பாலும் பாரிஸ் நகரத்தைக் காட்டுகின்றன. 1851-இல் பூக்கோ என்ற விஞ்ஞானி, அங்குள்ள பாந்தியோன் மண்டபத்தின் விதானத்திலிருந்து 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு ஆட்டினார். குண்டு ஆடும் திசை மணிக்கு மணி திரும்பிக்கொண்டே போனது. குண்டு திரும்பவில்லை, அதன் கீழே தரைதான் திரும்புகிறது என்று ஊரே கூடிப் பார்த்தது. அற்புதமான சோதனைதான். ஆனால் அதே குண்டை இங்கே தொங்கவிட்டால் நம் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். பாரிஸில் ஏறத்தாழ 32 மணி நேரத்தில் முழு வட்டம் திரும்பும் அந்த ஊசல், பினாங்கில் ஒரு வட்டம் திரும்பப் பத்து நாள்களுக்கு மேல் ஆகும். கோலாலம்பூரில் பதினெட்டு நாள்கள். பூமத்தியரேகையில் திரும்பவே திரும்பாது. அங்கே தரை, ஊசலைச் சுற்றித் திரும்புவதில்லை, அதைத் தூக்கிக்கொண்டு கிழக்கே ஓடுகிறது.

ஆகவே பாரிஸை விட்டுவிட்டு, இங்கே எது தெரிகிறதோ அதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. இங்கே தெரிவதும் சாமானியமானதன்று.

பாரிஸில் சரியாக நேரம் காட்டிய ஒரு பெண்டுலக் கடிகாரத்தை, 1672-இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சுக்காரர் தென் அமெரிக்காவின் கயேன் நகருக்குக் கொண்டுபோனார். அங்கே அது நாள்தோறும் இரண்டரை நிமிடம் பிந்தியது. பெண்டுலத்தைச் சற்றுக் குட்டையாக்கிய பிறகுதான் சரியானது. பாரிஸுக்குத் திரும்பிய பிறகு அதை மறுபடியும் நீளமாக்க வேண்டியிருந்தது. அட்லாஸை விரித்து, கயேன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பூமத்தியரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 5 டிகிரி. பினாங்கு 5.4 டிகிரி. உலக உருண்டையில் நாமும் அவர்களும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் இருக்கிறோம். ரிஷே கண்டதை நான் என் மேசையில் கண்டிருக்கிறேன்.

லண்டனில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவர், அங்கிருந்து ஒரு நெட்டைக் கடிகாரத்தைக் கொண்டுவந்தார். அங்கே விநாடி பிசகாமல் ஓடியதாம். இங்கே நாளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பிந்துகிறது, கப்பலில் அடிபட்டுவிட்டது என்று வருத்தப்பட்டார். திறந்து பார்த்தேன். பல்சக்கரம், கொக்கி, ஸ்பிரிங் எல்லாம் நலமாக இருந்தன. நம் ஊர் வெப்பத்தில் இரும்புத் தண்டு நீள்வது உண்மைதான். ஆனால் இருபது டிகிரி வெப்பம் கூடினாலும் அதனால் வருவது நாளுக்குப் பத்து விநாடிப் பிந்தல்தான். மீதி இரண்டு நிமிடம் எங்கிருந்து வந்தது? லண்டனைவிடப் பினாங்கில் ஈர்ப்பு ஆயிரத்தில் மூன்று பங்கு குறைவு. பெண்டுலம் கீழ்நோக்கி இழுபடும் வேகம் குறைந்தால் அதன் ஆட்டம் மந்தப்படும். கணக்குப் போட்டால் நாளுக்கு இரண்டேகால் நிமிடம் வருகிறது. பித்தளைக் குண்டுக்கு அடியில் ஒரு சிறிய மரை இருக்கும். அதை வலப்பக்கம் திருகினால் குண்டு மேலே ஏறும். ஒரு மீட்டர் நீளப் பெண்டுலத்துக்கு மூன்று மில்லிமீட்டர் ஏற்றம் போதும். திருகிவிட்டு ஒரு முழு நாள் காத்திருந்து பார்த்து, மறுபடி ஒரு மயிரிழை திருகி, மறுபடி ஒரு நாள் காத்திருக்க வேண்டும். கடிகாரம் கெடவில்லை ஐயா, அது பூமி சுழல்வதைச் சொல்கிறது என்று அவரிடம் சொன்னேன்.

ஈர்ப்பு ஏன் இங்கே குறைகிறது? இரண்டு காரணங்கள், இரண்டுக்கும் வேர் சுழற்சிதான். ஒன்று, நம்மைச் சுமந்து சுற்றும் தரை நம்மைச் சற்று வெளிப்பக்கம் வீசப் பார்க்கிறது. இன்னொன்று, அதே வீச்சால் பூமியே இடுப்பில் பருத்திருக்கிறது. துருவத்திலிருந்து மையம் 6,357 கிலோமீட்டர். பூமத்தியரேகையிலிருந்து 6,378 கிலோமீட்டர். 21 கிலோமீட்டர் கூடுதலாக விலகி நிற்பதால் நம்மை இழுக்கும் விசையும் தளர்கிறது. ரிஷேயின் கடிகாரத்தைச் சான்றாக வைத்துத்தான் நியூட்டன் 1687-இல் பூமி துருவங்களில் தட்டையானது என்று வாதாடினார். மையத்திலிருந்து அளந்தால் உலகத்தில் மிக உயரமான சிகரம் எவரெஸ்ட் அன்று, பூமத்தியரேகைக்கு அருகே எக்வடோர் நாட்டில் இருக்கும் சிம்பொராசோ என்பதும் இந்தப் பருத்த இடுப்பின் விளைவுதான்.

எங்கள் தெருவில் நகைக்கடைகள் வரிசையாக இருக்கின்றன. மின்னணுத் தராசு வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எடையை அழுத்தத்தால் அளக்கும் தராசை ஜெர்மனியில் சரிசெய்து, அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால், ஒரு கிலோ தங்கம் 997 கிராம் என்று காட்டும். மூன்று கிராம் குறைவு! அதனால்தான் தராசு எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரிலேயே எடைக்கல்லை வைத்துச் சரிபார்க்கிறார்கள். பழைய இரட்டைத் தட்டுத் தராசுக்கு இந்தக் கவலை இல்லை. அதில் தங்கமும் எடைக்கல்லும் ஒரே அளவில் குறைகின்றன.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூமத்தியரேகையின் சுற்றளவு 40,075 கிலோமீட்டர். அதை ஒரு நாளில் கடக்கும் தரையின் வேகம் மணிக்கு 1,670 கிலோமீட்டருக்கு மேல். பினாங்கில் அதைவிட மிகச் சிறிதளவே குறைவு. நம் பழைய பினாங்குப் பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர். அந்த நீளத்தை நம் காலடித் தரை அரை நிமிடத்துக்குள் கடந்துவிடுகிறது. துருவத்தில் நிற்பவனுக்கு இந்த வேகம் இல்லை. அவன் நின்ற இடத்திலேயே திரும்புகிறான்.

இத்தனை வேகம் ஏன் உணரப்படவில்லை என்று கேட்காத பிள்ளை இருக்க முடியாது. அதற்கு விடை சொல்ல நமக்கு ஐரோப்பா வரை போக வேண்டியதில்லை. கி.பி. 499-இல், 23 வயதில், ஆரியபட்டர் எழுதிவைத்தார்: முன்னே செல்லும் படகில் இருப்பவன் கரையில் அசையாமல் நிற்பவை பின்னே போவதாகக் காண்பதுபோல, நிலையான விண்மீன்கள் மேற்கே போவதாக நாம் காண்கிறோம் என்று. எதிர்க்கரையான பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரிப் படகில் வரும்போது இதைப் பாருங்கள். கடல் அமைதியாக இருந்தால், நாம் அசையாமல் இருப்பதுபோலவும், ஜார்ஜ் டவுன் படகுத்துறை மெல்ல நம்மை நோக்கி வருவதுபோலவும் தோன்றும். ஒரு நாணயத்தை மேலே சுண்டினால் அது பின்னால் போய் விழுவதில்லை, நம் கையிலேயே விழும். நாணயமும் பெர்ரியோடு போய்க்கொண்டிருக்கிறது. ஆரியபட்டருக்குச் சில பத்தாண்டுகள் பின்வந்த வராகமிகிரர், பூமி சுழன்றால் வானில் பறக்கும் பருந்து எப்படித் தன் கூட்டுக்குத் திரும்பும் என்று மறுப்புக் கிளப்பினார். நல்ல மறுப்புத்தான். காற்றும் பருந்தும் கூடும் சேர்ந்தே சுழல்கின்றன என்பது அதற்கு விடை. நம் வகுப்பறைகளில் இந்த வாதத்தை இரண்டு அணியாகப் பிரித்து நடத்தலாம். பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

நான் கடிகாரக்காரன் என்பதால் நேரத்தைப் பற்றியும் கொஞ்சம். பூமி ஒரு முழுச் சுற்றுக்கு எடுப்பது 23 மணி 56 நிமிடம் 4 விநாடி. அதற்குள் அது சூரியனைச் சுற்றும் பாதையிலும் சற்று நகர்ந்துவிடுவதால், மறுபடி சூரியனுக்கு நேரே வர மேலும் நான்கு நிமிடம் சுழல வேண்டியிருக்கிறது. அப்படித்தான் 24 மணி நேரம் வந்தது. ஒரு டிகிரி திரும்ப நான்கு நிமிடம். சபா மாநிலத் தலைநகரான கோத்தா கினபாலு நமக்குக் கிழக்கே 16 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. அங்கே பொழுது விடிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்துத்தான் இங்கே விடிகிறது. இரண்டு ஊருக்கும் கடிகாரம் ஒன்றுதான்.

1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணியை நள்ளிரவு பன்னிரண்டு என்று மாற்றித் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். சபா, சரவாக் நேரத்தோடு நாடு முழுவதும் ஒன்றாக வேண்டும் என்பதற்காக. அதற்கு முன்பு, ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் தோக்கியோ நேரம் வைத்தார்கள். துறைமுகக் கூலியாக இருந்த என் அப்பா, இருட்டில் வேலைக்குப் புறப்பட்டதைச் சொல்லியிருக்கிறார். அரசாங்கம் மாற்றியது முள்ளைத்தான். பினாங்கின் உண்மையான நண்பகல் இன்று சராசரியாகப் பிற்பகல் 1.19-க்கு வருகிறது. சூரியன் உதிப்பது ஆண்டு முழுவதும் காலை 7 மணிக்கும் ஏழரையைச் சற்றுத் தாண்டிய நேரத்துக்கும் இடையில். இராகுகாலம் பார்க்கிறவர்களிடம் இதை மரியாதையோடு சொல்லிக்கொள்கிறேன்: அந்தக் கணக்கு உதயத்திலிருந்து தொடங்குவது. ஆறு மணி உதயம் என்று வைத்து அச்சடித்த அட்டவணை இந்த ஊருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிசகும்.

காற்றுக்கு வருவோம். சுழலும் பூமியின்மேல் வடக்கு, தெற்காக ஓடும் காற்று நேர்கோட்டில் போக முடியாது. வடபாதியில் அது வலப்பக்கமும், தென்பாதியில் இடப்பக்கமும் வளைகிறது. 1835-இல் கொரியோலிஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் இதற்குக் கணக்கு எழுதியதால் அவர் பெயர் அதற்கு நிலைத்தது. நம் தாய்நிலமும் இந்த நாடும் ஆண்டுதோறும் எதிர்பார்க்கும் தென்மேற்குப் பருவக்காற்று, உண்மையில் தென்பாதியின் தென்கிழக்குக் காற்றுதான். பூமத்தியரேகையைத் தாண்டியதும் வலப்பக்கம் வளைந்து தென்மேற்கிலிருந்து வீசத் தொடங்குகிறது. பூமி சுழலாவிட்டால் அந்த வளைவு கிடையாது. சோழ நாட்டுக் கரையிலிருந்து கடாரத்துக்குப் பாய்மரம் ஏறியவர்கள் இந்தக் காற்றைப் பிடித்து வந்து, வடகிழக்குக் காற்றைப் பிடித்துத் திரும்பினார்கள். 1025-இல் இராசேந்திர சோழனின் கப்பல்கள் வந்த கடாரம், எங்கள் கடைக்கு எதிர்க்கரையில், சற்று வடக்கே உள்ள கெடாதான். அங்குள்ள பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய கோயில் அடித்தளங்களைப் பார்க்கப் பள்ளிகள் பிள்ளைகளை அழைத்துப்போகின்றன. கப்பலை இங்கே கொண்டுவந்தது எந்தக் காற்று என்பதையும் அங்கேயே நின்று சொல்லலாமே!

அதே வளைக்கும் விசை பூமத்தியரேகையை நெருங்க நெருங்கத் தேய்கிறது. நம் அகலாங்கில் அது துருவத்தில் உள்ளதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. புயல் சுழன்று திரள அது போதாது. பிலிப்பைன்ஸையும் வங்கக் கரையையும் வதைக்கும் பெரும்புயல்கள் நம் பக்கம் அரிதாகவே உருவாவதற்கு இதுதான் முதற்காரணம். ஆனால் அரிது என்பது இல்லை என்று ஆகாது. 2001 டிசம்பர் 27-இல் வாமெய் என்ற சூறாவளி பூமத்தியரேகைக்கு ஒன்றரை டிகிரி வடக்கிலேயே திரண்டு ஜோகூரில் கரையேறியது. பூமத்தியரேகைக்கு மிக அருகில் உருவான சூறாவளி என்று பதிவாகியிருக்கிறது. நம் பக்கம் புயலே வராது என்று யாராவது பிள்ளைகளிடம் உறுதி கூறினால் வாமெய் பெயரைச் சொல்லுங்கள். குளியலறைத் தொட்டியில் நீர் சுழிக்கும் திசையைப் பூமி தீர்மானிக்கிறது என்பதும் அப்படியே. அத்தனை சிறிய நீரில் அந்த விசை தெரியவே தெரியாது.

பூமியின் உள்ளே, 2,900 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே, உருகிய இரும்பு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஓட்டத்தைச் சுழற்சி ஒழுங்குபடுத்துவதால்தான் திசைகாட்டி முள்ளை இழுக்கும் காந்தப்புலம் உண்டாகிறது. சூரியனிலிருந்து வீசும் மின்துகள்களை நம்மிடமிருந்து விலக்குவதும் அதுதான்.

முகிலில் பிறந்த சுழற்சி அப்படியே இருக்கிறது என்றேன். அதில் ஒரு விதிவிலக்கு உண்டு. சந்திரனும், அதைவிடக் குறைவாகச் சூரியனும், கடலை இழுத்து ஏற்றமும் வற்றமும் உண்டாக்குகின்றன. கர்னி டிரைவ் கரையில் வற்று நேரத்தில் போய் நின்றால், எவ்வளவு தூரம் சேறு வெளிப்படுகிறது என்று பார்க்கலாம். அந்த நீர் போவதும் வருவதுமாகக் கடலடியில் உரசுகிறது. அந்த உரசல்தான் பூமிக்குத் தடை. விளைவு, நாள் மிக மெதுவாக நீள்கிறது: நூறு ஆண்டுக்கு விநாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. பூமி இழக்கும் சுழற்சியைப் பெற்றுக்கொண்டு சந்திரன் ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப்போகிறது. இத்தனை நுண்மையானதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதில்தான் எனக்கு வியப்பு அடங்கவே இல்லை. கி.மு. 136 ஏப்ரல் 15-இல் பாபிலோனில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்ததைக் களிமண் பலகையில் எழுதிவைத்திருக்கிறார்கள். பூமி எப்போதும் இன்றைய வேகத்திலேயே சுழன்றிருந்தால் அந்த நிழல் பாபிலோனில் விழுந்திருக்காது, மேற்கே ஸ்பெயின் பக்கம் விழுந்திருக்கும். அந்த வேறுபாடே கணக்கு. இன்னும் பழைய சாட்சி பவளப்பாறை. பவளம் நாள்தோறும் ஒரு மெல்லிய வளையம் போடுகிறது. 1963-இல் ஜான் வெல்ஸ் என்ற அமெரிக்கர், 40 கோடி ஆண்டுக்கு முந்திய பவளக் கற்களில் ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 400 வளையங்களை எண்ணினார். அன்று ஓர் ஆண்டில் 400 நாள்கள், ஒரு நாளுக்கு 22 மணி நேரம்.

இந்தப் பிந்தலை ஈடுகட்ட 1972 முதல் 27 முறை உலகக் கடிகாரங்களில் ஒரு விநாடி சேர்த்திருக்கிறார்கள். கடைசியாகச் சேர்த்தது நம் நேரப்படி 2017 ஜனவரி 1 காலை எட்டு மணிக்கு முன்பாக. அன்று 7 மணி 59 நிமிடம் 59 விநாடிக்குப் பிறகு 60 என்று ஒரு விநாடி வந்தது. அதற்குப் பிறகு சேர்க்கவில்லை. ஏனென்றால் அண்மை ஆண்டுகளில் பூமி சற்று வேகம் பிடித்திருக்கிறது. 2024 ஜூலை 5-ஆம் நாள், 24 மணி நேரத்தைவிட விநாடியில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குக்கு மேல் குறைவாக இருந்தது. நீண்ட காலப் போக்கு மந்தப்படுவதுதான். நடுவில் பூமியின் உட்கருவும், காற்றும், கடலும் அதை இப்படியும் அப்படியும் அசைக்கின்றன. துருவப் பனி உருகி அந்த நீர் பூமத்தியரேகைப் பக்கம் பரவுவதும் சுழற்சியை மந்தப்படுத்துகிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்திராவின் கடலடியில் பூமி பெயர்ந்தது. அன்று பிற்பகல் வந்த ஆழிப்பேரலையில் பினாங்கு மாநிலத்தில் மட்டும் 52 பேர் இறந்தார்கள். விடுமுறை நாளைக் கடற்கரையில் கழிக்கப் பிள்ளைகளோடு பாசிர் பாஞ்சாங்குக்குப் போன குடும்பங்களும் அதில் உண்டு. அந்த நடுக்கத்தில் பூமியின் திணிவு இடம்மாறியதால் நாளின் நீளம் விநாடியில் பத்து இலட்சத்தில் 2.68 பங்கு குறைந்தது என்று அமெரிக்காவின் நாசா அறிஞர்கள் கணக்கிட்டார்கள். எந்தக் கருவியாலும் நேராக அளக்க முடியாத அளவு அது. அந்த எண்ணைப் படித்த அன்று நான் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டேன். அந்த நாளைச் சொல்லும்போது, பூமியின் சுழற்சி எங்கோ வானத்தில் நடக்கும் விஷயம் என்று பினாங்குக்காரன் யாரும் நினைக்க முடியாது.

இனி என் கோரிக்கை. மாணவர் பகுதியில் திருத்தம் வெளியிடுங்கள். கூடவே, பிள்ளைகள் தாங்களே செய்து பார்க்கும் ஒன்றையும் வெளியிடுங்கள். ஏப்ரல் 3, 4 தேதிகளில் பினாங்கில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. பிற்பகல் 1.22 மணிக்கு நட்ட கம்புக்கு நிழல் இருக்காது. மழை மறைத்துவிட்டால் செப்டம்பர் 8, 9 தேதிகளில் 1.16-க்கு மறுபடி வரும். கோலாலம்பூர்ப் பிள்ளைகளுக்கு மார்ச் 28 வாக்கில் 1.18 மணி. ஒரு மீட்டர் கம்பைப் பள்ளித் திடலில் நேராக நட்டு, ஒரு மணிக்குத் தொடங்கி, நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியில் சுண்ணாம்புப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். புள்ளிகள் மேற்கிலிருந்து கிழக்காக, ஒவ்வொன்றும் ஒன்றேமுக்கால் சென்டிமீட்டர் இடைவெளியில் விழும். ஒவ்வொரு இடைவெளியும் பூமி திரும்பிய ஒரு டிகிரி.

கம்பு செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க நூலில் கட்டிய குண்டு வேண்டும். பழைய கடிகாரங்களிலிருந்து கழற்றிய பித்தளைக் குண்டுகள் என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. தீவிலும் செபெராங் பிறையிலும் உள்ள எந்தத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் வந்து கேட்டாலும் விலையில்லாமல் தருகிறேன். ஞாயிறு தவிர மற்ற நாள்களில் காலை பத்து மணிக்குக் கடை திறந்திருக்கும்.

இங்ஙனம்,
கடிகாரக்காரன்,
லெபோ பாசார் வட்டாரம்,
ஜார்ஜ் டவுன், பினாங்கு.